சாமி பல்பும் பின் விளக்கும்

நடேசன் கிராணி, நீங்கள் பொய் சொன்னீர்கள். என் அப்பா அன்று குடித்திருக்கவில்லை. அது உங்களுக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அந்த லோரியின் முன்சீட்டில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது நீங்கள்தான்.

வயர் கருகும் வாடை எங்கே வந்தாலும், நான் வேலை செய்யும் ரவாங் தொழிற்சாலையில் ஏதாவது ஒரு மெஷின் சூடேறி நின்றால்கூட, என் நாக்கில் உடனே புளிச்சோற்றின் ருசி ஏறிவிடுகிறது. அந்த வாடை முதன்முதலாக வந்தபோது நான் லோரியின் மச்சில் உட்கார்ந்து, வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்துப் புளிச்சோறு தின்றுகொண்டிருந்தேன். எவ்வளவோ வருஷம் ஆகிவிட்டது. இன்றைக்கும் என் வீட்டில் புளிச்சோறு கிளறுவதில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். எங்கள் தோட்டம் பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து கோலசிலாங்கூர் போகும் வழியில், மெயின் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி இருந்தது. எண்பதுகளின் நடுப்பகுதி, எனக்குப் பத்து வயது. அப்பா முனியாண்டி தோட்டத்து லோரி டிரைவர். வெட்டிய செம்பனைக் குலைகளை ஏற்றி ஆலைக்குக் கொண்டுபோவது அவர் வேலை. நடேசன் எங்கள் தோட்டத்துக் கிராணி. விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பெயர் கூப்பிடுவதும், யார் வந்தார் யார் வரவில்லை என்று ஆபீசில் எழுதுவதும் அவர் வேலை. அதோடு கோயிலுக்கும் அவர்தான் தலைவர். அவருடைய சைக்கிள் மணிச் சத்தம் கேட்டால் லயத்து வரிசை வீட்டு வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பவர்கள் காலை மடக்கிக்கொள்வார்கள். அப்படிப்பட்ட மனிதர்.

தைப்பூசத்துக்கு எங்கள் தோட்டமே பத்துமலைக்குப் போகும். பஸ்ஸில் இல்லை, அப்பா ஓட்டும் அதே குலை லோரியில். அங்கே ஆற்றோரமாக நிறுத்திவிட்டால் திருவிழா முடியும்வரை லோரிதான் வீடு. அதில்தான் சமையல், அதில்தான் தூக்கம், அதில்தான் துணி மாற்றுவது, சண்டை, பிள்ளைக்குப் பால் கொடுப்பது எல்லாம். அதற்காக ஒரு வாரத்துக்கு முன்பே லோரியை வீடாக மாற்றும் வேலை தொடங்கிவிடும். முதலில் குலை எண்ணெய்ப் பிசுக்குப் போகும்வரை சவர்க்காரத் தூள் போட்டுத் தேய்ப்பார்கள், பிறகு பெண்கள் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். நாலு மூலையிலும் மரக்கால் நட்டு, நடுவில் குறுக்காகப் பலகை அடித்தால் மேலே ஒரு தட்டு வந்துவிடும். அதற்குப் பெயர் "மச்சு". பிள்ளைகள் மச்சில், பெண்கள் கீழே, அரிசி மூட்டையும் மண்ணெண்ணெய் அடுப்பும் பெரிய சட்டிகளும் முன்பக்கம். கைக்குழந்தைக்கு மரக்காலில் சேலைத் தூளி கட்டிவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலே "கென்வாஸ்" போர்த்திப் பக்கவாட்டில் கீழே வரை இறக்கிவிட்டால் "வீட்டு லோரி" தயார். வாழ்ந்த காலத்தில் எனக்கு லயத்து வீட்டைவிட அந்த வீட்டைத்தான் பிடித்தது. அதில் கதவு இல்லை, அதனால் யாரும் யாரையும் உள்ளே வைத்து அடிக்க முடியாது.

கென்வாஸை இறக்கினால் ஒரு சிக்கல் வரும். லோரியின் ஓரத்தில் இருக்கும் மஞ்சள் விளக்குகளும் பின்பக்கத்துச் சிவப்பு விளக்குகளும் துணிக்குள் மறைந்துவிடும். அந்த வருஷம் அவை மறைவதற்கே மிச்சமில்லை. குலையைக் கம்பியால் குத்தித் தூக்கி எறிந்து எறிந்து, பாதி விளக்கின் கண்ணாடி உடைந்து, மீதி விளக்கில் பல்பே இல்லாமல் கிடந்தது. அப்பா ஆபீசில் பலமுறை சொல்லிப் பார்த்தார். தோட்டத்துக்குள்ளேயே ஓடும் லோரிக்கு எதற்கு விளக்கு என்று பதில் வந்தது. பத்துமலைக்குப் போகிற லோரி தோட்டத்துக்குள்ளேயா ஓடப்போகிறது? கடைசியில் அப்பாவும் கோபால் மாமாவும் போய் பத்தாங் பெர்ஜுந்தாய் ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் புது விளக்குகள் வாங்கி வந்தார்கள். கோபால் மாமா அப்பாவுக்கு உறவில்லை. லோரியில் கூடப் போகும் உதவியாள். அந்த வேலைக்கு எங்கள் பக்கம் "கிலிண்டான்" என்று பெயர்.

விளக்கு மாட்டிய அந்தச் சாயங்காலம் லயத்துப் பிள்ளைகள் எல்லாரும் லோரிக்குப் பின்னால் கூடிவிட்டோம். அப்பா பழைய விளக்குகளைக் கழற்றி எறிந்துவிட்டு, புது விளக்குகளைக் கென்வாஸுக்கு வெளியே தெரிகிற மாதிரி மரக்காலிலேயே திருகினார். பழைய வயர் அவ்வளவு தூரம் எட்டவில்லை. துண்டு வயரை முறுக்கிச் சேர்த்து, கறுப்பு டேப் சுற்றி, ஆணியில் வளைத்துக் கட்டினார். உள்ளே போய் சுவிட்சைத் தட்டிவிட்டு, "எரியுதாடா?" என்று கத்துவார். "மஞ்சள் எரியுது! செவப்பு எரியல!" என்று நாங்கள் கத்துவோம். இறங்கி வந்து டேப்பைப் பிரித்து மறுபடி முறுக்குவார். பூங்காவனம் அக்கா வேலை முடிந்து, உரச் சாக்கைத் தோளில் போட்டபடி வந்தவள் நின்று வேடிக்கை பார்த்தாள்.

"என்னாண்ணே, கல்யாண ஊர்வலமா? பொண்ணு யாரு, கோபாலண்ணனா?"

"உன்னத்தான் ஏத்தி அனுப்பப் போறோம்," என்றார் கோபால் மாமா. "ஒருத்தனும் எறக்க மாட்டான், திரும்பி எங்ககூடயே வந்துருவ."

"வந்தா வரட்டும்லா. லோரி வாடகை மிச்சம்."

அவளுக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது. உரம் போடுகிற வேலை, விரல் இடுக்கெல்லாம் வெடித்திருக்கும். அந்தக் கையால் எங்களுக்குக் கடலை உரித்துத் தருவாள். கடைசியில் எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தபோது அவள்தான் முதலில் கைதட்டினாள்.

மறுநாள், புறப்படுகிற அன்று, நடேசன் கிராணி வந்தார். அவருடன் ஒரு பெரிய முருகன் படம், அதைச் சுற்றி மரத்தோரணம், தோரணம் முழுவதும் பச்சையும் மஞ்சளுமாகச் சின்னப் பல்புகள், படத்தின் காலடியில் ஒரு பெரிய பல்பு. இதை லோரியின் நெற்றியில் கட்டவேண்டும் என்றார்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் தோட்டத்து வழக்கம் இது. கோயிலில் ஏற்றிய விளக்கோடுதான் லோரி புறப்படும், மலை அடிவாரம் போய்ச் சேரும்வரை அது அணையக் கூடாது. ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து யாராவது ஒருவர் மடியில் பிடித்துக்கொண்டு வருவார்கள். முந்தின வருஷம் வழியில் காற்றடித்து அது அணைந்துவிட்டது. அதே வருஷம் என் தம்பி, தூளியில் கிடந்த பிள்ளை, காய்ச்சலில் செத்துப்போனான். இன்னும் இரண்டு வீட்டில் சாவு விழுந்தது. அதற்குப் பிறகு லயத்தில் யாரும் அந்த வருஷத்தைப் பற்றிப் பேசும்போது "வெளக்கு அணஞ்ச வருஷம்" என்றுதான் சொல்வார்கள். அதற்கப்புறம் அம்மாவுக்கு இன்னொரு ஆண்பிள்ளை பிறந்திருந்தான். அவனுக்கு மலையில் முடியிறக்க வேண்டும். அப்பா அவனுக்காகக் காவடி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டு, மஞ்சள் வேட்டி கட்டி, மாலை போட்டு விரதம் இருந்தார். இதைப் படிப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். விரதம் இருந்தார். சம்பள நாளில் கள்ளுக்கடைக்குப் போகிறவர்தான், இல்லை என்று சொல்லவில்லை. விரதத்தில் தொட மாட்டார். தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்.

"இந்த வாட்டி காத்து என்னா, பொயலே அடிக்கட்டும்," என்றார் கிராணி. "கரண்டு வெளக்கு. அணையாது. லோரி பேட்டரிலேருந்து வயர இழு."

அப்பா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"மேல வர்ற வயரு ஒண்ணுதாங்கய்யா. ஓர லைட்டு, பின் லைட்டு எல்லாம் அதுலதான் ஓடுது. ஒரே பியூசு. இவ்வளவும் தாங்குமான்னு..."

"முருகனுக்கு எரியறத தாங்காதுன்னு சொல்லுவியாடா நீ? மாலையப் போட்டுக்கிட்டு?"

நான் அப்பாவுக்கு வக்காலத்து வாங்க இதை எழுதவில்லை. அங்கேயே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஏணி போட்டு ஏறி, சாமி பல்பு வயரை ஓர விளக்கு வயரோடு முறுக்கிச் சேர்த்தார். சுவிட்சைப் போட்டதும் பச்சையும் மஞ்சளுமாக லோரி நெற்றி ஜொலித்தது. பெண்கள் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அம்மா தம்பியைத் தூக்கிக் காட்டி, "பாரு சாமி, பாரு," என்றாள். நானும் கும்பிட்டேன்.

மதியம் புறப்படுவதாகத்தான் பேச்சு. மானேஜர் வந்து தேங்காய் உடைக்க வேண்டும் என்று கிராணி நிறுத்திவைத்தார். மானேஜர் வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. அதற்குப் பிறகு கிராணி ஒரு பேச்சுப் பேசினார். லோரி தோட்டத்துக் கேட்டைத் தாண்டியபோது வானம் கறுத்து, ரவாங் பக்கம் மின்னிக்கொண்டிருந்தது.

பத்து ஆராங் தாண்டி மழை பிடித்தது. செம்பனைக் காட்டுக்கு நடுவில் வளைந்து வளைந்து ஏறும் ரோடு, அப்போது தெருவிளக்கு எதுவும் கிடையாது. கென்வாஸ் மேல் மழை விழும் சத்தத்தில் நாங்கள் மச்சில் புளிச்சோற்றைத் தின்றபடி கத்திக் கத்திப் பாடினோம். அந்த நேரத்தில்தான் அந்த வாடை வந்தது. உடனே வெளியே ஓரத்தில் தெரிந்த மஞ்சள் வெளிச்சம் போய்விட்டது. லோரி நின்றது.

அப்பா இறங்கினார். பியூஸ் போய்விட்டது. பை நிறைய பியூஸ் எடுத்துவந்திருந்தார், ஒன்றை மாற்றினார். கொஞ்ச தூரம் போனதும் அதுவும் போனது. மறுபடி நிறுத்தி மறுபடி மாற்றினார். பியூஸ் போகும்போதெல்லாம் சாமி பல்பும் அணைந்தது, உடனே ஏற்றிவிட்டால் அது கணக்கில்லை என்றார் கிராணி. முன்பக்கப் பெரிய விளக்குகள் வேறு வயர், அவை எரிந்துகொண்டுதான் இருந்தன. நிற்கும்போதெல்லாம் எங்களைத் தாண்டிப் போகிற வண்டிகள் கடைசி நேரத்தில் ஒடித்துத் திரும்பி, ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போயின. ஒவ்வொரு தடவையும் கீழே உட்கார்ந்திருந்த பெண்கள் "முருகா" என்பார்கள். மச்சில் பாட்டு நின்றுபோனது. பியூஸ் தீர்ந்த பிறகு கோபால் மாமா சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித் தாளைச் சுருட்டி பியூஸ் இடத்தில் சொருகினார். விளக்கு எரிந்தது. வாடை இன்னும் பலமாக வந்தது. அப்பா ஓடிவந்து அதைப் பிடுங்கி எறிந்தார்.

"பைத்தியமாடா உனக்கு? லோரி புடிச்சி எரிஞ்சா மேல புள்ளைங்க இருக்கு!"

புதிதாகச் சுற்றிய டேப்பில் தண்ணீர் இறங்கியதாலா, சாமி பல்புகளின் சுமை தாங்காமலா, எதனால் பியூஸ் போனது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. ஆனால் இரண்டில் ஒன்றைக் கழற்றினால் மற்றது எரியும் என்பது மட்டும் அங்கே நின்ற எல்லாருக்கும் தெரிந்தது. கிராணியிடம் கடைசியாக ஒரு நல்ல பியூஸ் இருந்தது. தன் ரேடியோவில் போட்டிருந்ததைக் கழற்றிக் கொடுத்தார்.

இனி சொல்லப்போவதை நான் மச்சின் பின்னோரத்தில் குப்புறப் படுத்து, கென்வாஸைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் எனக்குச் சொன்ன கதை இல்லை.

அப்பா சொன்னார்: "சாமி பல்ப கழட்டிர்றேங்கய்யா. மலைக்குப் போயி மாட்டிக்கலாம். பின் லைட்டு இல்லாம இந்த ரோட்டுல ஓட்ட முடியாது. எவனாவது வந்து ஏத்திருவான்."

கிராணி குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "போன வருசம் அணைஞ்சிச்சு. என்னா நடந்துச்சுன்னு உனக்கே தெரியும். உன் வீட்டுலதானே நடந்துச்சு."

அப்பா மழையில் நனைந்துகொண்டு நின்றார்.

கிராணி பின்பக்கம் வந்து கென்வாஸைத் தூக்கிப் பெண்களைப் பார்த்துக் கேட்டார். "நான் ஒண்ணும் சொல்லல. நீங்களே சொல்லுங்க. வெளக்க அணைக்கலாமா, வேணாமா?"

முதலில் பேசியது என் அம்மா. தம்பியை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"ஏங்க, அணைக்க வேணாங்க. உங்க காலப் புடிக்கிறேன். அணைக்க வேணாம்."

அதற்குப் பிறகு எல்லாரும் அதையே சொன்னார்கள். வேணாம், வேணாம், சாமி வெளக்கு. ஒருவர்கூட மாற்றிச் சொல்லவில்லை. அப்பா அம்மாவைப் பார்த்தார். அவளோடு சண்டை போட நினைத்தால் போட்டிருக்கலாம். ஆனால் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவளோடு எப்படிச் சண்டை போடுவது?

அப்பா பின் விளக்கு வயரைத் துண்டித்தார். ஓர விளக்கு வயரையும் துண்டித்தார். கிராணி கொடுத்த பியூஸைப் போட்டார். லோரியின் நெற்றியில் முருகன் பச்சையும் மஞ்சளுமாக எரிந்தான். பின்பக்கம் இருட்டு.

"பின்னாடி யாராவது டார்ச் லைட்டு அடிச்சிக்கிட்டே வாங்க," என்றார் கிராணி. தன் கையிலிருந்த டார்ச்சை நீட்டினார். "வர்ற வண்டிக்குத் தெரியட்டும். பூங்காவனம், நீ உக்காரு. நீதான் தைரியக்காரி."

இதுதான் நடந்தது. பின் விளக்குக்குப் பதிலாக ஒரு மனுஷியை உட்கார வைத்தார்கள்.

பூங்காவனம் அக்கா சிரித்துக்கொண்டே பின்பலகைக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். "டார்ச்சு எதுக்குங்கய்யா, நான் பல்லக் காட்டுனாலே பத்துமலை வரைக்கும் தெரியும்," என்றாள். பெண்கள் அவ்வளவு பயத்திலும் சிரித்தார்கள். கோபால் மாமா, "நான் உக்காரறேன், நீ உள்ள போ புள்ள," என்றார். கிராணி அவரை முன்னால் வரச் சொன்னார். கண்ணாடியில் மழைத் தண்ணீரைத் துடைக்க ஆள் வேண்டுமாம். அக்கா என்னை நிமிர்ந்து பார்த்து, "என்னா குட்டி, புளிச்சோறு எனக்கு ஒரு வாய் வச்சிருக்கியா?" என்று கேட்டாள். நான் ஒரு உருண்டை உருட்டிக் கீழே நீட்டினேன். டார்ச்சைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு வாங்கித் தின்றாள்.

அடுத்த ஏற்றத்தில் லோரி ஊர்ந்தது. பிரேக் மிதித்தால் எரியும் விளக்கு ஒன்று இருந்தது, அது வேறு வயர். ஆனால் ஏற்றத்தில் யார் பிரேக் மிதிப்பார்கள்? பின்னால் பலகை ஏற்றிய லோரி ஒன்று வந்தது. அதன் வெளிச்சம் எங்கள் கென்வாஸ் மேல் விழுந்து பெரிதாகிக்கொண்டே வந்தது. பூங்காவனம் அக்கா டார்ச்சை வேகமாக ஆட்டினாள். "ஏய்! ஏய்! இங்க!" என்று கத்தினாள். எனக்கு அந்தக் குரல் கேட்டது. அதற்குப் பிறகு நடந்ததில் எனக்குச் சத்தம் எதுவும் நினைவில்லை.

எங்கள் லோரி ஓரத்துக் கால்வாயில் மூக்கைக் குத்தி நின்றது. மச்சுப் பலகை உடைந்து நாங்கள் சட்டிகள் மேல் விழுந்தோம். எனக்குக் கை முறிந்தது. தம்பி அம்மாவின் மடியில் ஒரு கீறலும் இல்லாமல் அழுதான். பூங்காவனம் அக்கா பலகை லோரிக்கும் எங்கள் லோரிக்கும் நடுவில் இருந்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் செத்துப்போனாள்.

பலகை லோரி டிரைவர் ரோட்டில் தலையில் கைவைத்து உட்கார்ந்து ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். சின்னதாக ஒரு வெளிச்சம் ஆடுவதைப் பார்த்தாராம். ரோட்டோரமாக ஏதோ சைக்கிள் போகிறது என்று நினைத்து, அதைத் தாண்ட நடுரோட்டுக்கு ஒடித்தாராம். அங்கே எங்கள் லோரி இருந்தது.

போலீஸ் வந்தபோதும் சாமி பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. அந்தக் கடைசி பியூஸ் மட்டும் போகவே இல்லை.

போலீஸ்காரர் கேட்ட முதல் கேள்வி, பின் விளக்கு ஏன் எரியவில்லை என்பது. அப்பா பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் கிராணி முன்னால் வந்து மலாயில் சொன்னார். அந்த ஒரு சொல் எனக்கு அப்போதே தெரியும், லயத்தில் மாதத்தில் ஒரு நாளாவது கேட்கிற சொல்தான். "மாபோக்." குடித்திருக்கிறான் என்று சொன்னார். விளக்கை மாற்றச் சொல்லியும் மாற்றாமல் குடித்துவிட்டு ஓட்டினான் என்றார். மஞ்சள் வேட்டியும் மாலையுமாக, நெற்றியில் விபூதி மழையில் கரைந்து ஒழுக நின்ற மனிதரைக் காட்டி அப்படிச் சொன்னார். அப்பாவை ஜீப்பில் ஏற்றினார்கள். யாரும் அவருடைய வாயைக்கூட முகர்ந்து பார்க்கவில்லை.

லோரியில் வந்தவர்கள் அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள். ஒருவர் பேசினால் போதும். யாரும் பேசவில்லை. ஏன் என்று எனக்கு வெகுகாலம் புரியவில்லை, பிறகு புரிந்தது. விளக்கை யார் துண்டிக்கச் சொன்னது என்று பேச்சு தொடங்கினால், "அணைக்க வேணாம்" என்று சொன்ன ஒவ்வொரு வாயும் கணக்கில் வரும். டிரைவர் குடித்திருந்தார் என்றால் எல்லாரும் தப்பித்தார்கள். சாமியும் தப்பித்தது. கோபால் மாமா மட்டும் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லிப் பார்த்தார். அவன் குடிகாரனின் கூட்டாளி என்று திருப்பி அனுப்பினார்கள். என் அம்மாவும் பேசவில்லை. சாகும்வரை பேசவில்லை. வீட்டில் சாயங்கால விளக்கை மட்டும் அவள் அதன் பிறகு தன் கையால் ஏற்றவில்லை. நான்தான் ஏற்றினேன்.

அப்பாவுக்கு வேலை போனது, லைசென்ஸ் போனது. வேலை போனால் லயத்து வீடும் போகும். பாகான் நக்கோடா ஓமார் பக்கம் ஒரு சொந்தக்காரர் வீட்டின் பின்கட்டில் ஒண்டிக்கொண்டு, மீன் கூடை தூக்கியும் தென்னந்தோப்பில் புல் வெட்டியும் எங்களை வளர்த்தார். அதற்குப் பிறகு அவர் எந்த வண்டியும் ஓட்டவில்லை. தம்பி மோட்டார் சைக்கிள் வாங்கியபோது, அதைச் சுற்றி வந்து பின் விளக்கை மட்டும் விரலால் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். பள்ளிக்கூடத்தில் எனக்கு "தண்ணி டிரைவர் மக" என்று பெயர். நான் அடித்தேன், அடி வாங்கினேன். அதைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை.

இப்போது அந்தத் தோட்டம் இல்லை. லயம் இருந்த இடத்தில் மாடி வீடுகள் வரிசையாக நிற்கின்றன. பெரட்டுக் களத்தில் கார் நிறுத்துகிறார்கள். லோரியில் ஆள் ஏற்றிக்கொண்டு யாரும் பத்துமலைக்குப் போவதில்லை. ரவாங்கில் ரயில் ஏறினால் கோயில் வாசலுக்கே போய்விடலாம். மச்சு கட்டத் தெரிந்தவர்கள் செத்துவிட்டார்கள், வீட்டு லோரி என்றால் என் பிள்ளைகளுக்கு என்னவென்றே தெரியாது. அது போனதில் எனக்கு வருத்தமில்லை. பூங்காவனம் அக்காவுக்கு ஒரு படம்கூட எங்கும் இல்லை, அதில்தான் வருத்தம். அவளோடு இருந்த ஒரே வயதான தாயும் மறு வருஷமே போய்விட்டாள்.

கோயிலை மட்டும் டவுனுக்குக் கொண்டுவந்து பெரிதாகக் கட்டினார்கள். அதன் கும்பாபிஷேகத்துக்குப் பழைய தோட்டத்து மக்கள் எல்லாரையும் கூப்பிட்டார்கள். நான் இப்போது புக்கிட் பெருந்துங்கில் இருக்கிறேன், அப்பா என்னோடு இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டார், காது மந்தம். போகவேண்டும் என்று அவரே கேட்டார், வேட்டி தேய்க்கச் சொன்னார், கூட்டிப் போனேன். கோயில் மண்டபத்து மைக்கில் நடேசன் கிராணி பேசினார். இன்றைக்கும் அவர்தான் தலைவர், மாலை போட்டிருந்தார்கள். தோட்டத்தின் பெருமைகளைச் சொல்லிக்கொண்டு வந்தவர், நம் வழியில் சோதனைகளும் வந்தன என்று நிறுத்தினார். "ஒரு டிரைவரோட குடியால ஒரு கன்னிப்பொண்ண நாம பலி குடுத்தோம். ஆனா அன்னிக்கும் முருகன் வெளக்கு அணையல," என்றார். ஜனங்கள் கைதட்டினார்கள்.

அப்பா என் பக்கம் சாய்ந்து கேட்டார். "என்னா சொல்றாரு? என்னயத்தானே சொல்றாரு?"

"ஆமாப்பா."

அவர் பிளாஸ்டிக் நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தார். எழுந்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார். பின்வரிசையில் யாரோ, "உக்காருங்க பெரியவரே, மறைக்குது," என்றார்கள். அப்பா உட்கார்ந்தார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஒன்றைத்தான் சொன்னார். "கோயில் எடம். அங்க வச்சி எதுவும் பேச வேணாம். விடு."

நான் விடமாட்டேன். கோயிலில் வைத்துத்தான் கிராணி பேசினார், கோயிலில் வைத்துத்தான் பதிலும் வரவேண்டும்.

நடேசன் கிராணி, விளக்கை அணைக்க வேண்டாம் என்று நாங்களும் சொன்னோம். என் அம்மா முதலில் சொன்னாள். அந்தப் பங்கை நான் மறைக்கவில்லை, இதோ முனியாண்டியின் மகள் என்று போட்டு எழுதிவிட்டேன். என் அப்பாவும் வயரைத் தன் கையால் துண்டித்தார், அதை அவர் யாரிடமும் மறுத்ததில்லை. உங்கள் பங்கை மட்டும் நீங்கள் இன்னும் சொல்லவில்லை. என் அப்பா உயிரோடு இருக்கிறார். வரும் தைப்பூசத்துக்கு முன்னால், அதே மண்டபத்தில், அதே மைக்கில், அதே ஜனங்களுக்கு முன்னால் எழுந்து நின்று சொல்லுங்கள். நான் அப்பாவைக் கூட்டிவந்து முதல் வரிசையில், அவருக்குக் காது கேட்கிற தூரத்தில் உட்கார வைக்கிறேன்.

பூங்காவனத்தின் கையில் அந்த டார்ச்சைக் கொடுத்து, பின்பலகையில் உட்கார் என்று சொன்னது யார்?